நாகம்மாவின் வயிற்றுக் கைப்பிடி

நாகம்மா என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது ஏச்சில்தான். நான் கல்யாணமாகி மலாக்காவில் காஜா பேராங்குக்கு வந்த புதுசு. என் மாமியார் குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தார். அவருடைய அக்காள் சாரதாம்பாள் மூச்சிரைக்க வந்து நின்றார்.

“கேட்டியாடி கதைய? எம்மவன் கெபாயாக்காரி ஒருத்திய கட்டிக்கப் போறானாம். நாகம்மாவாம் நாகம்மா! பேருதான் நாகம்மா, வாயத் தொறந்தா மலாய்தான் கொட்டுது.”

“பேரு நம்ம பேராத்தானக்கா இருக்கு” என்றார் என் மாமியார்.

“பேர வெச்சு சோறு பொங்கவா?”

அந்த மகன் சுப்பையன், என் வீட்டுக்காரர் மருதமுத்துவுக்குப் பெரியம்மா பிள்ளை. எனக்கு அத்தான் முறை. தண்ணீர் இலாகாவில் குழாய் பொருத்துகிற வேலை. நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷன் என்று சொல்லிச் சொல்லியே அவரைக் கெடுத்தார்கள் என்பது என் அபிப்பிராயம். சாமிக்குப் பயப்படுவார், தாயாருக்கு அதைவிடப் பயப்படுவார். வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் தாயாரை எதிர்த்தார். அது நாகம்மாவைக் கட்டிக்கொண்டதுதான். அதோடு இருந்த தைரியமெல்லாம் தீர்ந்துவிட்டது.

நாகம்மா செட்டி வீட்டுப் பெண். மலாக்காச் செட்டிகளை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்தவர்கள். அவர்கள் எங்களுக்கு எத்தனையோ தலைமுறை முந்தி வந்து வேரூன்றியவர்கள். கும்பிடுவது நம் சாமி, வைப்பது நம் பேர், பேசுவது மலாய். பெண்கள் இடுப்பில் சாரோங் சுற்றி, மேலே கெபாயா உடுத்துவார்கள். கெபாயா என்பது உடம்போடு ஒட்டித் தைத்த மேல்சட்டை. அதற்குப் பொத்தான் கிடையாது. சங்கிலியில் கோத்த மூன்று ஊக்குகளை நெஞ்சுக்கு நடுவே ஒன்றன்கீழ் ஒன்றாகக் குத்துவார்கள். அதற்குக் குரோசாங் என்று பேர். அந்த மூன்றும் தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேராக நிற்க வேண்டும். கோணினால் அவர்கள் சனம் பார்த்துச் சிரிக்கும்.

சாரதாம்பாள் பெரியத்தை, மருமகளைப் புடவைக்கு மாற்றிவிட வேண்டுமென்று வந்த நாள் முதல் மல்லுக்கட்டினார். நாகம்மா மாறவில்லை. தமிழ் மட்டும் கற்றுக்கொண்டாள், மலாய்ப் பேச்சு மாதிரி அங்கங்கே ஒரு ‘லா’ சேர்த்து. என்னிடம் சொல்வாள்: “பூங்கா, எனக்கு வந்த தமிழ் எல்லாம் அத்தை ஏசினது. அதான் நல்ல வார்த்தை சொன்னாலும் சண்டை மாதிரி இருக்கு.”

பூங்கா என்பது நான். பூங்காவனம்.

மகள் விஜயா பிறந்து நடக்கப் பழகியிருந்தபோது நாகம்மாவுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. என்னைக் குளிக்கிற இடத்துக்குக் கூப்பிட்டுக் கையை வைத்துப் பார்க்கச் சொன்னாள். தோலுக்குள் புளியங்கொட்டை இருக்கிற மாதிரி இருந்தது. பெரியத்தை அது பால் கட்டியது என்று பற்றுப் போட்டார். பற்றுப் போட்டுப் போட்டு, புளியங்கொட்டை எலுமிச்சங்காய் ஆயிற்று. கடைசியில் நாகம்மாவின் அண்ணன் அப்பு, பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தவர், சண்டை போட்டுக் கூட்டிப் போனார். இடது மார்பை அடியோடு எடுத்தார்கள். மார்புக்கு அடியில் இருக்கிற சதையையும் அக்குள் வரைக்கும் வழித்து எடுத்தார்கள்.

அவள் வார்டில் கிடந்த அந்த மாதம்தான் பண்டார் ஹிலிர் திடலில் சனம் கூடி, சுதந்திரத் தேதியைக் கேட்டுக் கூச்சல் போட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் லாரியும் கொடியும். வார்டில் நாகம்மா என்னைக் கேட்டாள்: “வெளிய என்ன சத்தம்?” வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போகப்போகிறான் என்றேன். “போகட்டும், இந்த டாக்டர் தையல் பிரிச்சிட்டுப் போகட்டும்” என்றாள். அன்றைக்கு அது வேடிக்கைப் பேச்சு.

வீட்டுக்கு வந்தபிறகு, பார்க்க வந்த அத்தனை பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். “உசுரோட இருக்கியே, அது போதாதா?”

“போதாது” என்பாள் நாகம்மா.

வந்தவர்களுக்கு முகம் விழுந்துவிடும். நன்றி கெட்டவள் என்று வெளியே போய்ப் பேசினார்கள். அடுத்து எல்லோரும் சொன்ன யோசனை புடவை. “முந்தானை இடப் பக்கம்தான் விழுது. இருக்கா இல்லையான்னு எவனுக்குத் தெரியும்? சாமியே பாத்து இடப் பக்கத்த எடுத்திருக்கு” என்றார் பெரியத்தை. சொன்னவருக்கு அது ஆறுதல் வார்த்தை என்றே நினைப்பு. இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கெபாயா உடுத்தினால் இடப் பக்கம் தொளதொளவென்று தொங்கும். குரோசாங் மூன்றும் வலப் பக்கம் இழுத்துக்கொள்ளும். நானும் அவளும் இலவம்பஞ்சை அடைத்து ஒரு பை தைத்தோம். முதலில் பெரிதாகப் போயிற்று. பிறகு சின்னதாக. வேர்த்தால் பஞ்சு கட்டிதட்டும். நடந்தால் பை ஏறும். அவளுடைய சித்தி மகள் கல்யாணத்தில் பலகாரத் தட்டைத் தூக்கிப் பரிமாறினாள். பை கழுத்தெலும்பு வரை ஏறிவிட்டது. ஒரு கிழவி அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். நாகம்மா தட்டைக் கீழே வைத்தாள். எல்லோரும் பார்க்க, கெபாயாவுக்குள் கைவிட்டுப் பையை எடுத்தாள். “என்ன பார்க்கற மக்? தலையணை வேணுமா?” என்று அந்தக் கிழவியின் மடியில் போட்டாள். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். வீடு திரும்புகிற வழியெல்லாம் பலகாரப் பொட்டலத்தை இடப் பக்கம் நெஞ்சோடு அணைத்தபடியே வந்தாள்.

மெர்டேக்கா என்கிற சுதந்திரம் கிடைத்து அடுத்த வருஷம் பிறந்திருந்தது. அப்பு அண்ணன் ஒரு சேதி கொண்டுவந்தார். சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருக்கிறாராம். சண்டையில் முகம் வெந்துபோன சிப்பாய்களுக்கு அவர்கள் சதையை எடுத்தே மூக்கு வைத்துக் கொடுத்தவராம். மார்பும் வைப்பாராம்.

“மூக்கு வெச்சவன் மார வெச்சா மூக்கு மாதிரி இருக்கப்போவுது” என்றார் பெரியத்தை.

“இருந்தாலும் பரவால்ல” என்றாள் நாகம்மா.

சுப்பையன் அத்தான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அதை நாங்கள் சரி என்று வைத்துக்கொண்டோம். அப்பு அண்ணனும் நானும் அவளைக் கூட்டிப் போனோம். அப்போது மூவாரிலும் பாலம் கிடையாது, பத்து பகாட்டிலும் கிடையாது. பஸ்ஸையே படகில் ஏற்றி ஆற்றைக் கடக்க வேண்டும். போய்ச் சேர்வதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும்.

அந்த டாக்டர் நரைத்த தலை, ஒட்டிய கன்னம். மலாய் கொஞ்சம் பேசினார். எதற்காக வேண்டும் என்று கேட்டார். நாகம்மா தன் குரோசாங்கைக் காட்டினாள். கோணிக்கொண்டு கிடந்தது. “இது நேரா நிக்கணும், துவான்” என்றாள். எல்லோரும் சிரித்த காரியம், எல்லோரும் ஏசிய காரியம் அது. அந்த மனுஷன் சிரிக்கவில்லை. குனிந்து மூன்று ஊக்கையும் பார்த்தார், மெள்ளத் தலையாட்டினார்.

அவர் செய்கிற முறையை அப்பு அண்ணன் எங்களுக்கு விளக்கினார். வயிற்றிலிருந்து தோலையும் கொழுப்பையும் ஒரு பட்டையாகக் கிளப்பி, உருளையாகச் சுருட்டித் தைப்பார்கள். இரண்டு முனையும் வயிற்றிலேயே ஒட்டியிருக்கும். அந்த முனைகள் வழியாக அதற்குள் ரத்தம் ஓடிப் பழக வேண்டும். பழகியதும் ஒரு முனையை அறுத்து மார்பில் ஒட்டுவார்கள். அது அங்கே வேர் பிடித்ததும் மறு முனையையும் அறுத்து மேலே கொண்டுபோய், விரித்து, மார்பாக உருட்டித் தைப்பார்கள். ஒரே நாளில் ஆகிற வேலை இல்லை. செடியைப் பதியம் போட்டுக் கிளப்புகிற மாதிரி.

முதல் பாகம் ஆயிற்று. வயிற்றில் பெட்டிக்கு வைத்த கைப்பிடி மாதிரி ஒன்றோடு நாகம்மா வீடு வந்தாள். நாலு விரலை அதற்குள் நுழைக்கலாம்.

“பொம்பளயா, பெட்டியா?” என்றார் பெரியத்தை.

“பெட்டிதான் அத்தை. உங்க மகனுக்கு என்னைத் தூக்கிட்டுப் போக வசதி.”

அந்த வாரங்களில் அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தினமும் கைப்பிடியைத் தொட்டுப் பார்ப்பாள். “சூடா இருக்கு பூங்கா, உசுரு இருக்கு” என்பாள். அம்மா வீட்டில் கொடுத்த பழைய கெபாயா ஒன்றை எடுத்து வெளுத்து, பெட்டியில் மடித்து வைத்தாள். மார்பு வைத்து முடித்த பிறகு அதைத்தான் உடுத்துவாளாம்.

டாக்டர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். குறித்த தேதிக்குக் கட்டாயம் வர வேண்டும். அவருக்கு வேலைத் தவணை முடிகிறது, ஊருக்குத் திரும்பப் போகிறார். போவதற்குள் மற்ற இரண்டு பாகத்தையும் முடித்துக் கொடுப்பார். அப்பு அண்ணன் இதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். பெரியத்தை கையை விசிறினார். “வெள்ளைக்காரன் போறேன் போறேன்னு எத்தினி வருஷமா சொல்றான்! மெர்டேக்கா குடுத்துட்டும் இங்கதான் குந்தியிருக்கான். இவனா போவப்போறான்?”

குறித்த தேதிக்கு முந்தின வாரம் மாரியம்மன் திருவிழா கொடி ஏறியது. செட்டிகளுக்குச் சாமி டத்தோ, இந்த விழா டத்தோ சாச்சார். எங்களுக்கும் அது பெரிய விழாதான். கொடி ஏறின அன்று காலையில் நான் நாகம்மாவோடு அடுப்படியில் இருந்தேன். சுப்பையன் அத்தான் கோயிலிலிருந்து வந்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

“என்ன இது?” என்றாள் நாகம்மா.

“காப்பு.”

“அது தெரியுது லா. எதுக்கு?”

“உனக்குத்தான். நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வேண்டிக்கிட்டேன். பொழச்சு வந்தா தீச்சட்டி எடுக்கிறேன்னு. ரெண்டு வருஷமா முடியல. அம்மா இந்த வருஷம் விடக் கூடாதுன்னாங்க.”

“நான் அடுத்த வாரம் சிங்கப்பூர் போகணும். தெரியுமா, தெரியாதா?”

அத்தான் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் பின்னாலிருந்து வந்தது. பெரியத்தை வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். “காப்புக் கட்டின வீடு. பொண்டாட்டிக்காரி ஊர் எல்லையத் தாண்டப்படாது. அதுலயும் கத்தி பட்டு ரத்தம் சிந்தப்படாது. அவன் நெருப்ப கையில ஏந்தப் போறான். நீ அங்க அறுத்துக்கிட்டுக் கெடந்தா இங்க யாரு கை வேகும்?”

“அந்த நெருப்பு யாருக்கு?”

“உனக்குத்தான்.”

“எனக்கு எடுக்கிற நெருப்பு என்னையே போக விடலன்னா, அது யாருக்கு லா, அத்தை?”

அன்று மத்தியானம் நாகம்மாவின் தாயார் மீனாச்சி வந்தார். அவருக்குத் தமிழ் வராது. அவர் மலாயில் சொல்ல நாகம்மா தமிழில் எடுத்துச் சொன்னாள். “எங்கம்மா சொல்றாங்க: கோயிலே எங்க சனத்தோடது. எங்க பெரியவங்ககிட்ட கேட்டாச்சு. நோவாளி போறதுக்கு டத்தோ கோவிச்சுக்க மாட்டாரு, போய்ட்டு வரட்டும்.”

“தமிழே தெரியாதவங்களுக்குச் சாத்திரம் எங்கருந்து தெரியும்?” என்றார் பெரியத்தை.

மீனாச்சியம்மா மகளைப் பார்த்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நாகம்மா, “தாப்பா, மக்” என்று, மலாயில் ஒன்றுமில்லை அம்மா என்று சொல்லி விட்டுவிட்டாள். அதை அவள் மொழிபெயர்க்கவில்லை.

நான் கூட்டிப் போகிறேன் என்று கிளம்பினேன். என் வீட்டுக்காரர், “உனக்கென்னடி வந்துது? அவங்க வீட்டு விசயம்” என்று சத்தம் போட்டார். போடட்டும் என்று விடிந்ததும் கிளம்பிப் போனேன். அப்பு அண்ணன் பஸ் நிலையத்தில் காத்திருந்தார். நாகம்மா சாரோங் கட்டி, துணிப்பையைக் கையில் எடுத்துவிட்டாள். வாசலில் அத்தான் நின்றார். மறிக்கவில்லை. மறித்திருந்தால் அவள் தள்ளிவிட்டுப் போயிருப்பாள். விரதத்தில் கன்னம் ஒட்டிப்போய் ஓரமாக ஒதுங்கி நின்று சொன்னார்:

“போறதுன்னா போ. நான் எடுக்கறத எடுப்பேன். வெந்தா வேகட்டும்.”

நாகம்மா அவர் கையைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

“நீ வா அக்கா. இவரு சும்மா சொல்றாரு” என்றேன்.

“வேகட்டும்னு சொல்றவன விட்டுட்டு எப்படி லா போறது?” என்றாள்.

சங்கிலி போட்டுக் கட்டியிருந்தால் அறுக்க ஒரு வழி இருந்திருக்கும். அந்த ஒரு வார்த்தைக்கு வழி இல்லை.

திருவிழா நடந்தது. அத்தான் தீச்சட்டி எடுத்தார். சட்டி ஏந்துகிறவர் காலுக்குப் பெண்டாட்டி மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். நாகம்மா குடத்தைச் சாய்த்து ஊற்றினாள். குனியும்போது கெபாயாவுக்குள் கைப்பிடி இடித்து முகம் சுளித்ததை நான் பார்த்தேன். அத்தானின் கையில் ஒரு கொப்புளம் இல்லை. பெரியத்தை அந்தக் கைகளைப் பிடித்து ஊருக்கே காட்டினார். “பாத்தீங்களா! ஆத்தா காத்துட்டா!”

காப்பை அவிழ்த்த மறுநாளே கிளம்பினோம். இப்போது அத்தானும் வந்தார், படகில் நாகம்மாவின் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு. ஆஸ்பத்திரியில் அந்த அறையில் ஒரு சீன டாக்டர் உட்கார்ந்திருந்தார். சின்ன வயசு. பெரியவர் போன வாரம்தான் கப்பல் ஏறினார் என்றார். தேதிக்கு இவள் வந்திருந்தால் இரண்டு பாகமும் முடித்துவிட்டு அடுத்த கப்பலில் போயிருப்பாராம், ஒரு நாள் காத்துப் பார்த்துவிட்டு இந்தக் கப்பலிலேயே ஏறிவிட்டாராம். அப்பு அண்ணன் நீங்கள் செய்ய முடியாதா என்று கேட்டார். அந்தப் பையன் மறைக்காமல் சொன்னார்: பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார், தன் கையால் செய்ததில்லை. தப்பினால் கைப்பிடியும் அழுகும், நெஞ்சும் கெடும். வேண்டுமானால் வெட்டி எடுத்து வயிற்றை மூடிவிடுவதாகச் சொன்னார்.

“வேணாம்” என்றாள் நாகம்மா. “உசுரு இருக்கு. இருக்கட்டும்.”

யாரைக் குற்றம் சொல்வது? டாக்டர் சொல்லிவிட்டுத்தான் போனார். அத்தான் அவளுக்காகத்தான் நெருப்பெடுத்தார். பெரியத்தையும் மகன் கை வேகக் கூடாதென்றுதான் பேசினார். எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. இல்லாமல் போனது அவளுடைய மார்பு.

திரும்புகிறபோது மூவார் படகில் காற்று பலமாக அடித்தது. அத்தான் கெஞ்சுகிற மாதிரி, “வேற டாக்டர் வருவாங்க, நாகு” என்றார். அவள் அவர் மடியிலிருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆறு கடந்து பஸ் கரையேறியதும் என்னிடம் மட்டும் சொன்னாள்: “பாத்தியா பூங்கா, கை வேகல. நல்லதுதான்.” நல்லது என்ற சொல்லை அவ்வளவு கசப்பாக நான் கேட்டதில்லை.

மறு வருஷம் கொடி ஏற்றத்துக்கு முன் பெரியத்தை தேங்காய் பழத் தட்டோடு கோயிலுக்குப் போனார். நாங்களும் போனோம். பூசாரி சங்கல்பத்துக்குப் பேர் கேட்டார். பெரியத்தை, “மருமக நாகம்மா பேருக்கு, உடம்பு சொகத்துக்கு” என்றார்.

“அந்தப் பேர எடுக்காதீங்க” என்றாள் நாகம்மா.

பூசாரி திகைத்தார். பெரியத்தை, “ஆத்தா சன்னதியில என்னடி பேசற?” என்று பல்லைக் கடித்தார்.

“ஆத்தாகிட்ட எனக்குச் சண்டை இல்ல. கும்பிட நானே வருவேன், எனக்குக் கால் இருக்கு. எனக்காக யாரும் வேண்டிக்க வேணாம். எனக்காக யாரும் எதையும் எடுக்க வேணாம். எனக்குன்னு எடுத்தது போதும்.”

சுப்பையன் அத்தான் அதற்குப் பிறகு காப்புக் கட்டவில்லை. ஒரு தீபாவளிக்கு அவளுக்கு நல்ல புடவை ஒன்று வாங்கி வந்தார். அவள் அதை மடிப்புக் கலையாமல் என்னிடம் கொடுத்தாள். சண்டை போட்டு அல்ல, “உனக்கு இந்தக் கலர் எடுக்கும்” என்று சொல்லி. அவர்கள் சேர்ந்துதான் வாழ்ந்தார்கள். சோறு போட்டாள், காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தாள். அவர் படுத்த படுக்கையாக இருந்தபோது என்னிடம் கேட்டார்: “அவ இன்னும் எம்மேல கோவமா இருக்காளா, பூங்காவனம்?” எனக்கு ஆத்திரம் வந்தது. “அடுப்படியிலதான அத்தான் இருக்கா, கூப்பிட்டுக் கேளுங்களேன்” என்றேன். அவர் கேட்கவில்லை. கேட்காமலே போய்ச் சேர்ந்தார்.

பல வருஷம் கழித்து விஜயா வேலைக்குப் போய், ஆயர் குரோ பக்கம் ஒரு பெண் டாக்டரிடம் தாயாரைக் கூட்டிப் போனாள். நானும் கூடப் போனேன். இப்போதெல்லாம் இது சாதாரணம் என்றாள் அந்தப் பெண். வயிற்றுச் சதையை எடுத்து ஒரே மூச்சில் மார்பு வைத்துவிடுகிறார்களாம். ஆனால் நாகம்மாவின் வயிற்றில் பழைய தையலும் தழும்பும். எடுக்க வேண்டிய சதையைத்தான் அன்றைக்கே கிளப்பிச் சுருட்டியாகிவிட்டதே. வயசும் ஆகிவிட்டது. வேண்டாம் என்றாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நாகம்மா கேட்டாள்: “ஒரே மூச்சிலயாம். கேட்டியா?”

“கேட்டேன்.”

“அப்ப ஊருக்கெல்லாம் இருக்கு” என்றாள். பஸ் வரும்வரை குரோசாங்கை அவிழ்த்து அவிழ்த்துக் குத்திக்கொண்டிருந்தாள். அது வலப் பக்கமாகவே போயிற்று.

இப்போது நாகம்மா புக்கிட் காதிலில் மகள் விஜயா வீட்டில் இருக்கிறாள். காது மந்தம், நடை குறைந்துவிட்டது. கெபாயாதான் உடுத்துகிறாள். கைப்பிடி இன்னும் அவள் வயிற்றில் இருக்கிறது.